சனிக்கிழமை ரயில்

ஏப்ரல் 2, புதன்

மிலான் வந்த பிறகு இன்றுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. வீடு நான்காவது மாடி. லிப்டில் மூன்று பேர் நின்றால் மூச்சு முட்டும். முருங்கைக்காய் கிடைக்கவில்லை, தக்காளி மட்டும் அவ்வளவு ருசி.

பூரணி இளைத்துவிட்டாள். வீட்டுக்குள் நல்ல சூடு, ஆனாலும் முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறாள். "குளிர் ஊர்க்காரி ஆயிட்டியேட்டி" என்று கேலி செய்தேன். சிரித்தாள்.

மாப்பிள்ளை தினகர் தங்கமான மனிதர். கோயமுத்தூர்க்காரர்களின் மரியாதையே தனி. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு தடவைகூட 'ங்க' போடாமல் பேசியதில்லை. சாப்பிடும்போது கேட்டார்.

"ஏனுங்க அத்தை, இத்தனை வருஷம் டிக்கெட் கவுண்டர்ல இருந்திருக்கீங்க. நீங்க தனியா ட்ரெயின்ல எங்கியாச்சும் போயிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கோவில்பட்டி ஸ்டேஷனில் காசிக்கும் டெல்லிக்கும் டிக்கெட் கொடுத்தே தலை நரைத்தது. நான் போனதெல்லாம் பூரணியின் அப்பாவோடு திருச்செந்தூர், மதுரை. அவர் போன பிறகு அதுவும் இல்லை.

"அப்ப சனிக்கிழமை தோறும் ஒரு ஊருங்க. காலைல போயிட்டு சாயங்காலம் வந்துரலாம். டிக்கெட் நான் எடுத்துத் தர்றேன்."

"பூரணியும் வரட்டுமே மாப்ள."

"அவங்களுக்கு வீட்ல வேலை கெடக்குதுங்க. நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க."

பூரணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 5, சனி

கோமோ போய் வந்தேன். தனியாக!

மிலான் ஸ்டேஷனைப் பார்த்து முதலில் பயந்துவிட்டேன். நம்மூர்க் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வந்து பிளாட்பாரம் காட்டிவிட்டு, ரயில் நகரும்வரை நின்று கையசைத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சின்னப் பெண்போல் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டேன்.

ஏரி அழகுதான். ஆனால் மனசில் நிற்பது வேறு. படித்துறை ஓரத்தில் ஒரு பெரிய அன்னம் தாரா வாத்து ஒன்றின் கழுத்தைக் கவ்வித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருந்தது. தாரா இறக்கையை அடித்தது. தண்ணீர் சிதறியது. அன்னம் அவசரப்படவில்லை. அடிப்பு ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு, நிமிர்ந்து, வெள்ளையாக, ஒன்றுமே நடக்காததுபோல் நீந்திப் போனது. சுற்றி நின்றவர்கள் அதைத்தான் படம் எடுத்தார்கள்.

திரும்பி வந்தபோது பூரணி படுத்திருந்தாள். புருவத்துக்கு மேல் வெட்டு, சுற்றிலும் கன்றிப்போன நீலம்.

"அலமாரிக் கதவு இடிச்சுட்டும்மா. நிமிந்தேன், பட்டுட்டு."

இந்த வீட்டுச் சமையலறை அலமாரிகளின் கதவெல்லாம் தலை உயரத்தில் திறக்கின்றன. கட்டியவனுக்கு அறிவே இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

அலமாரிக் கதவுகளின் மூலையில் பழைய துணியை மடித்துக் கட்டினேன். இனி இடிக்காது.

ஏப்ரல் 12, சனி

பாவியா. ஊர்ப் பெயரே அப்படி. ஆற்றின் மேல் கூரை போட்ட பாலம், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இரண்டு முறை நடந்தேன்.

திரும்பும்போது பெட்டியில் பெரிய சண்டை. இரண்டு தடியன்கள் சேர்ந்து ஒரு ஒல்லிப் பையனைப் போட்டு அடித்தார்கள். ஒருவன் அவன் முடியைப் பிடித்து ஜன்னல் சட்டத்தில் மோதினான். மற்றவன் பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தான். ரத்தம் என் எதிர் சீட் வரை தெறித்தது. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் போனைப் பார்த்தார்கள். எனக்குத் தாங்கவில்லை.

"ஏலே! விடுல அவன! ஆம்பளயால நீ!" என்று எழுந்து நின்று கத்தினேன். என்ன பாஷை என்று திகைத்தானோ என்னவோ, முடியைப் பிடித்திருந்தவன் கையை எடுத்துவிட்டான். அடுத்த ஸ்டேஷனில் இருவரும் குதித்து ஓடினார்கள். பையன் வாயிலிருந்து ஒரு பல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னபோது மாப்பிள்ளை சிரித்தார். "தைரியசாலிங்க அத்தை நீங்க." கொஞ்சம் பொறுத்து, "ஆனா இனிமே அடுத்தவங்க விஷயத்துல தலையிடாதீங்க. நல்லதில்லீங்க" என்றார்.

வீடு முழுக்க பினாயில் வாசனை. மாப்பிள்ளையே தரை துடைத்தாராம். பூரணியின் வலது கையில் கட்டு. அப்பளம் பொரித்தபோது எண்ணெய் பட்டுவிட்டதாம். கட்டை அவிழ்த்து மருந்து போட்டேன். கொப்புளம் இல்லை. இரண்டு விரல்கள் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தன.

இந்த ஊர் எண்ணெய் வேறு மாதிரி.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பாயசம் வைத்தேன். வேப்பம்பூ இல்லை.

எதிர் வீட்டு ஒர்னெல்லா லிப்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ பேசினாள். தனியாக இருக்கிற வயதான பெண். எங்கள் வீட்டுக் கதவைக் காட்டினாள். ஒரு கையை முஷ்டியாக்கி இன்னொரு உள்ளங்கையில் குத்திக் குத்திக் காட்டினாள். நான் மிளகு இடிக்கிற சத்தம் அவளுக்கு இடைஞ்சலாக இருக்கிறது போல. தலையாட்டிவிட்டு வந்தேன். இடிகல்லைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டேன்.

மத்தியானச் சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல். "பரவால்லீங்க" என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை பூரணியின் பிடரியில் கையை வைத்தார். அன்பாகத்தான். அவள் கையிலிருந்த கரண்டி தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது.

ஏப்ரல் 19, சனி

இந்த வாரம் முழங்கால் வலி, போகவில்லை என்றேன்.

"டிக்கெட் எடுத்தாச்சுங்க அத்தை."

"அடுத்த வாரம் போறேனே மாப்ள. இன்னிக்கு பூரணிகூட இருக்கேன்."

அவர் பூரணியைப் பார்த்தார். அவள் ஓடிவந்து என் செருப்பை எடுத்து வைத்தாள். "போயிட்டு வாம்மா. ஒனக்கு ரயில்னா உசுருல்லா. போயிட்டு வா" என்றாள்.

போனேன். பெர்காமோ. ஈஸ்டருக்கு முந்தின நாள். கறிக்கடைகளில் உரித்த ஆட்டுக்குட்டிகளைத் தலையோடு தொங்கவிட்டிருந்தார்கள். கண்கள் மூடப்படவில்லை. கறி சாப்பிடுகிறவள்தான் நான், ஆனாலும் நிற்க முடியவில்லை. மலை மேல் ஏறாமல் ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். சீக்கிரம் திரும்பும் ரயில் ஒன்று வந்தது. ஏறியிருக்கலாம். மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் மாலை ரயிலின் நேரம் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து குப்பைக் கூடையைக் கட்டும்போது உள்ளே முடி பார்த்தேன். சீப்பில் உதிர்கிற முடி இல்லை. ஒரு கொத்து. வேரில் தோல் ஒட்டியிருந்தது.

இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்கிறார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பருப்பு வேகவில்லை. எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

சனிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். இடது கையில் மாவுக்கட்டு. வலது கை நன்றாகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை லெக்கோ போகிற ரயிலில் ஏற்றிவிட்டார். மோன்ஸா தாண்டி வண்டி வேகம் எடுத்திருந்தது. காலுக்கடியில் ஒரு சத்தம், மூட்டைத் தேங்காயை அவிழ்த்துக் கொட்டியதுபோல. அதன் பிறகு நீளமாகப் பிரேக். ரயில்வேயில் இருந்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ரன் ஓவர், ஆள் அடிபட்டாச்சு. எங்கள் ஸ்டேஷனில் எத்தனையோ கேஸ் பார்த்திருக்கிறேன், ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்து கேட்டது இதுதான் முதல் முறை.

ஜன்னலுக்கு வெளியே சரளைக்கல்லில் ஒரு பெண்ணின் செருப்பு கிடந்தது. செருப்பு மட்டும் கிடக்கவில்லை.

எனக்கு உடனே பூரணியின் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி. மறுபடி. எங்களை இறக்கி நடத்திக் கூட்டிப்போய் மிலானுக்குத் திரும்பும் வண்டியில் ஏற்றினார்கள். வழி நெடுக அந்தப் பெண்ணுக்கு என் மகளின் முகம்தான் வந்தது. ஏன் வந்தது என்று அப்போதும் நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நான்காவது மாடியில் ஒர்னெல்லா தன் வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதபடி நின்றாள். என்னைக் கண்டதும் எங்கள் கதவைக் காட்டி, அன்று போலவே முஷ்டியை உள்ளங்கையில் குத்தினாள்.

அப்போது உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. துவைகல்லில் ஈரத்துணியை ஓங்கி அடிக்கிற சத்தம். நிதானமாக, இடைவெளி விட்டு. நடுநடுவே அவர் குரல். "சொல்லுடி. திருப்பிச் சொல்லு." பூரணியின் குரல் இல்லவே இல்லை. காபி வாசனை வந்தது.

கதவைத் தட்டினேன். சத்தம் நின்றது.

"யாருங்க?"

"அத்தைதான்."

கொஞ்ச நேரம் கழித்துப் பாதிக் கதவு திறந்தது. நெற்றி வியர்த்திருந்தது. தலை வாரியிருந்தார். "என்னங்க அத்தை, ட்ரெயின விட்டுட்டீங்களா?"

"பூரணி எங்க?"

"தலைவலின்னு தூங்கறாங்க. நீங்க கொஞ்ச நேரம் கீழ பார்க்குல உக்காந்துட்டு வாங்களேன்."

அவர் வலது கையில் பெல்ட் சுற்றியிருந்தது. மறைக்கக்கூட இல்லை. தோளால் கதவை மோதி உள்ளே போனேன்.

சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே என் பிள்ளை குத்தவைத்திருந்தாள். சட்டை முதுகில் கிழிந்து ரத்தத்தில் ஒட்டியிருந்தது. வாய்க்குள் கரித்துணி திணிக்கப்பட்டிருந்தது. கைகள் கட்டப்படவில்லை. அவளே அதைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. விழுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு இருந்தாள். முதுகைக்கூட நான் தாங்கியிருப்பேன். அந்தக் கையைத்தான் தாங்க முடியவில்லை.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்குமுங்க. நீங்க வெளிய போங்க."

நான் குனிந்து துணியை எடுத்தேன். என் முதுகில் பெல்ட் விழுந்தது. பக்கிள் பக்கம்.

"போடி வெளிய, கெழட்டு நாயே."

கொண்டையைப் பிடித்து என் தலையை ஃப்ரிட்ஜ் கதவில் அடித்தான். கண்ணுக்குள் வெள்ளையாக வெடித்தது. கையை ஊன்றி எழப் பார்த்தேன், அதைப் பின்னால் முறுக்கினான். உள்ளே ஏதோ பச்சைக் கிளை மாதிரி முறிந்தது. கத்தினேனா தெரியவில்லை. அடுப்பில் அவன் வைத்த காபிக் குடுவை இரைந்துகொண்டிருந்தது. அடித்து முடித்ததும் குடிப்பதற்காக வைத்திருக்கிறான்.

வலது கையால் அதை எடுத்தேன். கட்டைவிரலால் மூடியைத் தள்ளி, கொதிக்கிற காபியை அவன் முகத்தில் வீசினேன்.

அவன் போட்ட கூச்சலை நான் எந்த மனிதனிடமும் கேட்டதில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு மேசையோடு விழுந்தான். குடுவை இன்னும் என் கையில் இருந்தது. மறுபடி ஓங்கினேன். அவன் மண்டையைக் குறிபார்த்துத்தான் ஓங்கினேன். கோர்ட்டில் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

கையைப் பிடித்தது பூரணி.

"என்னம்மா பண்ணிட்ட! ஐயோ, அவங்க கண்ணு! அவங்க கண்ணு!"

தவழ்ந்து போய் அந்தக் கரித்துணியைக் குழாயில் நனைத்து அவன் முகத்தில் ஒற்றினாள். அவள் முதுகிலிருந்து ரத்தம் சொட்டியது. அவனுக்கு வாயால் ஊதிவிட்டாள். போலீஸ் வந்தபோது அப்படித்தான் இருந்தோம்.

மே 1, வியாழன்

ஆஸ்பத்திரியில் பூரணியை எக்ஸ்ரே எடுத்தார்கள். விலா எலும்புகளில் ஆறிப்போன முறிவுகள். விரல்களில் புது முறிவு.

மொழிபெயர்க்க வந்தவள் ஜெயந்தினி, யாழ்ப்பாணத்துப் பெண். பூரணி அவளிடம் சொன்னது: "அலமாரிக் கதவு இடிச்சது. படியில விழுந்தேன். அவங்க ஒண்ணும் பண்ணல."

ஜெயந்தினி என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். "அம்மா, உங்கட மகள் வாய் திறக்காட்டி வழக்கு நிக்காது. அந்தாள் இப்ப உங்கள் மேல முறைப்பாடு குடுத்திருக்கிறார். கொல்லப் பாத்தனீங்களாம்."

அவனுக்குக் கண் தப்பிவிட்டது. ஒரு கன்னம் வெந்திருக்கிறது.

மே 4, ஞாயிறு

எங்களை வேறு ஊரில் பெண்களுக்கான ஒரு விடுதியில் வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரை எங்கேயும் எழுதக்கூடாது என்றார்கள். எழுதவில்லை.

மே 10, சனி

காலையில் பூரணியைக் காணவில்லை என்று தேடினேன். குளியலறைக் கதவுக்கும் சுவருக்கும் இடையே குத்தவைத்திருந்தாள்.

"என்னட்டி?"

"இன்னிக்கு சனிக்கிழம."

தூக்கப் போனேன். என் நெஞ்சில் ஓங்கிக் குத்தினாள். நான் பின்னால் சாய்ந்தேன். எழுந்து வந்து மறுபடி அடித்தாள். முகம், தோள், மாவுக்கட்டு, எங்கே படுகிறது என்று பார்க்கவில்லை.

"போனியே! வாராவாரம் போனியே! நீ இருக்கும்போது கை ஓங்க மாட்டாங்கன்னு இருந்தேன். வாரமெல்லாம் சேத்து வச்சு, உன்ன ரயில் ஏத்திட்டு வந்து, கதவப் பூட்டுவாங்க. நீ வந்து ஏரி நல்லாருந்துன்னு சொல்லுவ! துணிய மடிச்சு அலமாரில கட்டினியே! ஒனக்குத் தெரியாதா? ஒனக்கா தெரியாது?"

மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து என் வாய்க்குள் போனது. விடுதிப் பெண்கள் ஓடிவந்தார்கள். வர வேண்டாம் என்று கை காட்டினேன்.

"தெரியும்" என்றேன். "பாத்த அன்னிக்கே தெரியும். தெரியக்கூடாதுன்னு இருந்தேன்."

அடிப்பதை நிறுத்திவிட்டாள். ரொம்ப நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள்தான் எழுந்து போய்ப் பஞ்சு எடுத்து வந்தாள்.

மே 13, செவ்வாய்

பூரணி நான் பிசைந்து வைத்த சோற்றை மட்டும் சாப்பிட்டாள்.

மே 21, புதன்

சம்பந்தியம்மா கோயமுத்தூரிலிருந்து போன். "என்ர பையன் மூஞ்சியக் கெடுத்துப்போட்டீங்களே. கேஸ வாபஸ் வாங்கச் சொல்லுங்க. பொண்ணுன்னா ஒண்ணு ரெண்டு வாங்கறதுதானுங்க."

"உங்க பையன் மூஞ்சி ஆறிரும். எம்பிள்ளைக்கு இன்னும் மல்லாந்து படுக்க முடியல. அடுத்த தடவ போன் பண்ணீங்கன்னா நான் காப்பி போட்டு வச்சிட்டுத்தான் எடுப்பேன்" என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்த பூரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜூன் 3, செவ்வாய்

"ஜெயந்தினி அக்காவ வரச் சொல்லும்மா" என்றாள். எதற்கென்று கேட்காமல் போன் போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று நீதிபதி முன்னால் வாக்குமூலம். என் மேலும் புகார் இருப்பதால் நான் கூடப் போகக்கூடாது என்றார் விடுதி ஏற்பாடு செய்த வக்கீல். விடுதிப் பெண் ஒருத்தி துணைக்கு வருவதாகச் சொன்னாள். பூரணி வேண்டாம் என்றாள். மிலான் ஸ்டேஷனில் ஜெயந்தினி நிற்பாள், அதுவரை தானே போய்க்கொள்வதாகச் சொன்னாள்.

கவுண்டருக்குப் போய் அவளே டிக்கெட் எடுத்தாள். ரயில் நகர்ந்தது. நான் கையசைக்கவில்லை. கை எழவில்லை.

பகல் முழுக்க பிளாட்பாரப் பெஞ்சிலேயே இருந்தேன். ஒவ்வொரு வண்டி வரும்போதும் சக்கரத்தைத்தான் பார்த்தேன். அவன் இன்னும் வெளியில்தான் திரிகிறான்; அவள் மிலானில் அவனைப் பார்த்தால் என்ன ஆகும்? காலில் விழுந்துவிடுவாளா? தண்டவாளத்தில் விழுந்துவிடுவாளா? அந்தப் பக்கம் குடையோடு நின்ற ஒருவனுக்கு அவன் உயரம். கீழே கிடந்த பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டேன். வேறு யாரோ.

வெயில் சாயும் நேரத்துக்கு வந்த வண்டியில் இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது.

"அவன் இருந்தானா?"

"கண்ணாடிக்கு அந்தப் பக்கமாம். எனக்குத் தெரியாத மாதிரி வச்சிருந்தாங்க." பெஞ்சில் உட்கார்ந்தாள். "முதல்லருந்து சொல்லுங்க, தமிழ்லயே சொல்லுங்க, அக்கா மாத்திச் சொல்லுவாங்கன்னாங்க. 'அவங்க'ன்னு ஆரம்பிச்சேன். நின்னு போச்சு. மறுபடி 'அவங்க'ன்னேன். தொண்டைக்குள்ள கரித்துணி இருக்க மாதிரி. தண்ணி குடுத்தாங்க."

"பொறவு?"

"'அவன்'னேன்."

சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னோமா என்று பார்ப்பதுபோல் இன்னொரு முறை சொன்னாள். "அவன். அதுக்குப் பிறகு நிக்கவே இல்லம்மா. பல்லக் கடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னேன். அக்காதான் மெதுவா, மெதுவான்னு கைய அமத்துனாங்க. நீ காப்பி ஊத்துனதயும் சொன்னேன். ஊத்தலன்னா நான் செத்திருப்பேன்னு சொன்னேன். எதிர் வீட்டம்மாவும் வந்து சொன்னாங்க. அவன இனிமே வெளிய விட மாட்டாங்களாம், கேஸ் முடியிறவரைக்கும்."

பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தோம். பஸ்ஸைப் பிடிக்க ஒருவன் பின்னாலிருந்து தடதடவென்று ஓடிவந்து எங்களை உரசிக்கொண்டு போனான். நான் அலறிப்போய் அவள் தோளைப் பிடித்தேன்.

தோள் அசையவில்லை. அவள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள்.